வருவதற்கு முன் ஒரு மிஸ்டு கால்

நாய் என்றால் எனக்குப் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போனில் ஆயிரம் நாய்ப் படம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பிடித்துவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, நான் அந்த ரகம் இல்லை. நான் கணபதி ஏரியாவில் இரண்டு பவர் பிரஸ் போட்டு முப்பத்து நான்கு வருஷமாக பம்ப்செட் மோட்டாருக்குத் தகடு வெட்டிக்கொண்டிருப்பவன். தகட்டை வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து டை என்கிற வெட்டச்சு இறங்கி ‘டொம்’ என்று ஒரு வெட்டு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை அதுதான். தகரக் கூரை, இரண்டு மிஷின், நானும் என் வயதுக்காரர் இன்னொருவரும். இதற்குக் கம்பெனி என்று பெயர். எங்கள் ஊரில் நாலு பேர் நிற்க இடமில்லாவிட்டாலும் அது கம்பெனிதான்.

கம்பெனியில் கை துடைக்க, மிஷின் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டும். திருப்பூரில் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து பட்டறைகளுக்குப் போடுகிற பாய் ஒருவர் உக்கடத்தில் இருக்கிறார். பதினைந்து வருஷப் பழக்கம். தங்கமான மனுஷர், ஆனால் வாய்க்குள்ளேயே பேசுவார். பாதிதான் எனக்கு எட்டும். மீதியை நானாக ஊகித்துக்கொண்டு தலையாட்டிவிடுவேன். ஒரு நாள் மூட்டையை இறக்கியபிறகும் போகாமல் நின்றார்.

“ஏனுங்க மொதலாளி, ஒரு ஒதவி கேக்கோணுங்க.”

மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அவருடைய குடோனில் ஒரு நாய் இருக்கிறது. குட்டியாக எங்கிருந்தோ வந்து துணி மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து, அங்கேயே வளர்ந்துவிட்டது. தெருவுக்குக்கூட அதிகம் போகாது. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. அதனால் அவர் அதைத் தொட்டதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆனால் மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் எட்ட நின்று சோறு வைத்திருக்கிறார். இப்போது குடோனை இடிக்கப்போகிறார்கள்.

“தெருவுல உட்டா மத்த நாய்ங்க கொதறிப்போடுமுங்க. சண்டை போடத் தெரியாத நாயிங்க. உங்க ஊட்ல எடமிருக்குது, அம்மாவும் நல்லவங்க…”

சரி என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் என்று அவருக்கே ஆச்சரியம். எனக்குக் காரணம் இருந்தது. ஒரே மகளை அவிநாசியில் கட்டிக்கொடுத்துவிட்டோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் நான் கேட்டைத் திறந்தால் ஓடி வந்ததில்லை. பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்பன் மேல் பயபக்தி என்று பெருமையாக இருந்தேன். பேத்திக்கு மூன்று வயது. நான் கையை நீட்டினால் அம்மாவின் சுடிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மீசையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று மீசையைக்கூட எடுத்துப்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனசு பொக்கென்று போனதுதான் மிச்சம். அறுபது வயதுக்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன பெரிய ஆசை இருக்கப்போகிறது? வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஏதாவது ஒரு உயிர், தானாக, என்னிடம் வர வேண்டும். நாய்கள் அப்படி வருமாமே. தெருவில் எத்தனை பேர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி கேட்டதும், “நாயா? எதுக்குங்க? யாருங்க பாக்கறது?” என்று ஒரு பிடி பிடித்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தேன். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எதையும் உரக்கத்தான் பேசுவாள். டிவியையும் உச்சத்தில்தான் வைப்பாள். பாவம், காது மந்தம் என்று நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கேட்கட்டுமே என்று நானும் வீட்டில் குரலைக் கூட்டியே பேசுவேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படும்.

பாயின் டெம்போவில் நாய் வந்தது. செவலை நிறம், ஒரு காது மட்டும் மடிந்தது. மூட்டைக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. பாய் எட்ட நின்று ஏதோ சொன்னார், என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது தலையைத் தூக்கி, மெதுவாக இறங்கி, அவர் காட்டிய திசையில் எங்கள் வாசலுக்குள் நடந்தது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் கேட்டைச் சாத்தினேன். குனிந்து, என்னால் முடிந்த அளவு மெல்லிய குரலில், “வாடா ராசா, வாடா கண்ணு” என்றேன்.

பாய்ந்தது பாருங்கள், ஒரு ஓட்டம்! கூடத்து மாடிப்படிக்குக் கீழே, பழைய மிக்ஸிக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க வெளியே வரவில்லை.

புது இடம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். துணி மூட்டையில் கிடந்த உயிராயிற்றே என்று, பீரோவின் மேல்தட்டிலிருந்து எங்கள் கல்யாணத்துப் பவானி ஜமக்காளத்தை எடுத்து அதற்கு விரித்துக்கொடுத்தேன். அதற்காக மனைவி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று எலும்பு வாங்கிவந்தேன். பிஸ்கட், பன், முட்டை என்று என்னவெல்லாமோ வைத்துப்பார்த்தேன். சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டுப் படிக்கட்டுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதனிடம் பேசுவேன். கம்பெனியில் நடந்ததைச் சொல்வேன். நீ தைரியமாக இரு, உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொல்வேன். அது கண்ணைக்கூடத் திறக்காது. அதன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. ஊமை நாய் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

“எவனோ ஒருத்தன் இதைச் சின்னதுல போட்டு அடிச்சிருக்கறான் புள்ள. ஆம்பளைன்னாலே பயம் இதுக்கு” என்று மனைவியிடம் சொன்னேன். அந்த எவனோ ஒருத்தன் மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் கிடைத்தால் பிரஸ்ஸில் வைத்து ஒரு மிதி மிதித்துவிடலாம் போலிருந்தது. மனைவி குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். அது என் மனைவியிடம் பழகிவிட்டது. அவளாகச் சொல்லவில்லை. கூடத்துக் கோரைப்பாயில் செவலை முடி கிடந்தது. அடுப்படி வாசலில் தட்டு காலியாகக் கிடந்தது. நான் கம்பெனிக்குப் போனபிறகு அது வெளியே வருகிறது, சாப்பிடுகிறது, கொல்லைக்குப் போய்வருகிறது, அவள் சீரியல் பார்க்கும்போது காலடியில் படுக்கிறது. நாய் வேண்டாம் என்றவளிடம்! எனக்கு வந்த எரிச்சலை மறைக்க மாட்டேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன், என்ன மருந்து வைத்தாய் என்று. “நான் ஒண்ணும் செய்யலீங்க. அது பாட்டுக்கு வந்து படுத்துச்சுங்க” என்றாள், அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பட்டறைகள் ஒரு வாரம் மூடியிருக்கும். வெளியூர் ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், தெருவே அடங்கிவிடும். ஒரு வாரம் முழுக்க வீட்டிலிருந்து இந்த நாயை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். முதல் நாள் நாய் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை, கொல்லைக்கும் போகவில்லை. நான் விடவில்லை. படிக்கட்டு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “சாப்புடு ராசா, ஒரு வாய் சாப்புடு” என்று காலையிலிருந்து கெஞ்சினேன். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்து சாப்பிடாமல் எழுந்தால் எங்களால் தாங்க முடியாது. பக்கத்தில் நின்று சாப்பிட வைத்துத்தான் அனுப்புவோம். நாய்க்கும் அதையே செய்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பேத்தியைக் காணவில்லை. மகள் வீடெல்லாம் தேடினாள். நான் பதறிப்போய் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தெருவரை போய்விட்டு வந்தேன். கடைசியில் தற்செயலாகக் குனிந்து படிக்கட்டுக்குக் கீழே பார்த்தால், ஜமக்காளத்தின் ஒரு நுனியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, மறு நுனியில் நாய். “அட கள்ளி, இங்கயா இருக்கறே!” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். இரண்டும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டின. குழந்தையின் கை நாயின் முதுகைப் பிடித்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் நாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, விலா எலும்பு தெரிந்தது. மனைவி அதை ஜமக்காளத்தோடு சுருட்டித் தூக்கிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து சத்தி ரோட்டில் இருக்கிற நாய் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண், திருநெல்வேலிப் பக்கம். நான் நடந்ததை எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். எவனோ அடித்திருக்கிறான் என்பதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் மேஜைமேல் கிடந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒரு நிமிஷம் பேசாம இருங்க” என்றாள். இருந்தேன். நாயின் மேல் கையை வைத்தாள். “இப்ப ஏதாவது பேசுங்க.”

“என்னம்மா பேசோணும்?”

நாய் உடம்பு முழுக்க நடுங்கியது. மேஜை ஆடியது.

“ஏன் சார் இப்படிச் சத்தம் போடுதீங்க?”

“நானா? நான் எங்கம்மா சத்தம் போட்டேன்? சும்மா பேசிட்டுத்தானம்மா இருக்கறேன்!”

கதவுக்கு வெளியே பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப்பார்த்தாள். டாக்டர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். “நாய்க்கு உடம்புல ஒரு கோளாறும் இல்ல சார். ட்ரிப் ஏத்தி அனுப்புதேன். நீங்க போயி மொதல்ல உங்க காதைக் காட்டுங்க.” வெளியூர்க்காரி. எங்கள் ஊர்க்காரியாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். திரும்பி வருகிற ஆட்டோவில் மனைவியைக் கேட்டேன். “ஏம் புள்ள, நான் சத்தமாவா பேசறேன்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ளைக்கு மரியாதை தெரியல, உடுங்க” என்றாள். ஆனால் நாயின் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “சேச்சே, யாருங்ணா சொன்னது? நல்லாத்தான் பேசறீங்ணா!” என்றார். கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவரைக் கேட்டேன். அவர் “என்னது?” என்று மூன்று தரம் கேட்டார். அவர் காதிலும் முப்பது வருஷமாக அதே பிரஸ் சத்தம். மகளுக்குப் போன் போட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் பாய் மூட்டை போட வந்தார். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அல்லா மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மிஷின் ஓடறப்போ பேசற மாதிரியேதானுங்க எப்பவும் பேசுவீங்க. எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. கோவிச்சுக்காதீங்க.”

பதினைந்து வருஷம்! ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்கள். ஆளைப் பார்த்தால் ஒரு ‘ங்க’, கிளம்பும்போது இரண்டு ‘ங்க’. வாயில் மரியாதையை வைத்துக்கொண்டு யாரும் யாரிடமும் எதையும் சொல்லாமலே செத்துப்போகிற ஊர் இது. நானும்தான். என் மனைவிக்குக் காது மந்தம் என்று நான் அவளிடம் சொன்னேனா?

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு காகிதத்தில் கோடு கீழே கீழே இறங்கிப்போயிருந்தது. மெல்லிய சத்தம் எதுவும் எனக்குக் கேட்காதாம், ரொம்ப வருஷமாகவே கேட்டிருக்காதாம். இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டுகிற மிஷினை எடுத்துவந்து பொருத்தினார்கள். மாட்டிவிட்ட பையனிடம் “நன்றிங்க” என்று சொன்னேன். யாரோ பக்கத்தில் நின்று அதட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. நான்தான்.

அன்று கம்பெனிக்குப் போகவில்லை. மத்தியானம் நேராக வீட்டுக்கு நடந்தேன். என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. சட்டை உரசுகிறது, காக்கை தொண்டை கிழியக் கத்துகிறது, பக்கத்துத் தெரு லேத்து பட்டறை இரும்பைச் சீவுகிறது. தலை சுற்றியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வியாதி தெரிந்துவிட்டது, மருந்தும் கிடைத்துவிட்டது. இனிமேல் மெதுவாகப் பேசிவிடலாம், நாய் வந்துவிடும், பேத்தியும் வந்துவிடுவாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். பைத்தியக்காரன்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும்போது உள்ளே யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. “இன்னைக்கு ரசம் நல்லா வந்திருக்குது கண்ணு. உனக்குத்தான் புளிப்பு ஆகாதே. தயிர் ஊத்திப் பெசஞ்சு தாரேன், இரு” என்றது அந்தக் குரல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அது என் மனைவி. முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

கேட்டைத் தள்ளினேன். அது கிறீச்சென்றது. உள்ளே பேச்சு நின்றது. பிறகு அதே குரல், இன்னும் மெதுவாக, அவசர அவசரமாகச் சொன்னது:

“வந்துட்டாங்க கண்ணு. எந்திரி, எந்திரி. நீ போய்க்கோ சாமி.”

டைல்ஸ் தரையில் நகங்கள் கடகடவென்று ஓடின. காலி சிலிண்டரில் ஏதோ இடித்தது. அப்புறம் இன்னொரு சத்தம் வந்தது. சன்னமாக, விட்டு விட்டு, மூச்சோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு. ஊமை என்று நான் நினைத்த நாய் அழுதுகொண்டிருந்தது.

நான் வாசலில் நின்றேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்து, “வந்துட்டீங்களா! நேரமே வந்துட்டீங்க! சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா!” என்று கத்தினாள். மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். முதுகு கேட்டில் போய் இடித்தது. சுவரில் ஒட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் என் காதைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாய் அழுகுது” என்றேன்.

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

“எப்பவும் அழுகுமா?”

“நீங்க வந்தா மட்டுமுங்க” என்றாள், ஜன்னலுக்கு வெளியே கேட்ட அந்தக் குரலில். “கொஞ்ச நேரத்துல அடங்கிருமுங்க. பொங்கலப்போதான் அடங்கவேயில்ல.”

“ஏம் புள்ள எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க அது முன்னால உக்காந்து அத்தனை பிரியமாப் பேசிட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?”

மாசக்கணக்கில் தினமும் அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அது எதிரிலிருந்து அழுதுகொண்டிருந்திருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்த அந்த எவனோ ஒருத்தன் வேறு யாருமில்லை. கடவுளே, வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்யாததில்லை. செருப்பைக் கேட்டுக்கு வெளியேயே கழற்றினேன். கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். கம்பெனியிலேயே குளித்து, எண்ணெய் வாடை இல்லாமல் வந்தேன். கிசுகிசுவென்று பேசக் கற்றுக்கொண்டேன், அதுவும் அதைப் பார்க்காமல், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு. தினமும் பின்னாலிருந்து அந்த அழுகை கேட்கும். முன்பு எனக்குக் கேட்காமல் இருந்தது, இப்போது ஒன்று விடாமல் கேட்டது. மிஷினைக் கழற்றி வைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கை காதுக்குப் போகும். கழற்றவில்லை. அது படுகிற பாட்டை நானும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

திருநெல்வேலி டாக்டரிடம் போய்க் கேட்டேன். “சிலதுக்கு மாறும் சார், சிலதுக்கு மாறாது. உங்க காலடி, உங்க வாசனை எல்லாமே அதுக்கு அந்தச் சத்தம்தான். நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

மகள் லீவுக்கு வந்தாள். பேத்தியிடம் எட்ட நின்று, எனக்கே கேட்காத குரலில், “வாங்க அம்மணி, நல்லாருக்கீங்களா?” என்றேன். அவள் அம்மாவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். இப்போதுதான் எல்லாம் எனக்குக் கேட்கிறதே. “தாத்தாவுக்குக் காச்சலா?” என்று கேட்டாள். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். குழந்தை முன்னால் வரவில்லை.

நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அதுவும் சரிதான். நாய்க்கு இந்த வீடு செட்டாகிவிட்டது. மத்தியானம் கூடத்து நடுவில் ஜமக்காளத்தைப் போட்டு மல்லாந்து படுத்துத் தூங்குகிறதாம். பால்காரரைப் பார்த்தால் வாலாட்டுகிறதாம். தபால்காரரைப் பார்த்து ஒரு தடவை குரைத்ததாம். எல்லாம் ‘தாம்’தான், நான் ஒன்றையும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் செட்டாகாத ஆள் ஒருத்தன்தான். அவனை யாருக்குக் கொடுக்க முடியும்?

அதனால் ஒரு வழி செய்தேன். சாயங்காலம் கம்பெனியைப் பூட்டிவிட்டு, தெருமுனை டீக்கடையில் நின்று வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். இரண்டு தரம் மணி அடித்ததும் நிறுத்திவிடுவேன். மனைவி நாயை எழுப்பி, தட்டையும் தண்ணீரையும் எடுத்துப் படிக்கட்டுக்குக் கீழே வைத்து, அதைப் படுக்க வைத்து, திரைச்சீலையை இழுத்துவிடுவாள். அப்புறம் நான் போவேன். ஒரு வருஷமாக அப்படித்தான். என்னால் அந்த நாய்க்குச் செய்ய முடிந்த உபகாரம் அது ஒன்றுதான்.

போன வாரம் வழக்கம்போலக் கூப்பிட்டேன். மனைவி கை ஈரமாக இருந்திருக்கும், போனில் எதையோ அமுக்கிவிட்டாள் போல. லைன் எடுத்துக்கொண்டது. எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. நான் பேசவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. தட்டு நகர்ந்தது. “அப்பா வாராங்க கண்ணு. போலாமா?” என்றாள் அவள். அப்பா என்றாள், என்னை. பிறகு டைல்ஸ் தரையில் நகச் சத்தம் கேட்டது. ஓடவில்லை. நிதானமாக, ஒவ்வொரு அடியாக, நடந்துதான் போனது. நான் போனை மெதுவாக அணைத்தேன். டீ ஆறிப்போயிருந்தது. அது போய் நன்றாகப் படுத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.